இரண்டு கைத்தடி தூரம்

எழுபதைத் தாண்டிய பதினொரு பேர் சேர்ந்து எனக்கு எதிராக ஒரு போராட்டம் நடத்தினார்கள். நடத்தியதுகூடப் பரவாயில்லை. அப்படி ஒன்று நடக்கிறது என்பதே எனக்கு ஒரு கிழமையாக, ஏழு நாளும், தெரியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வருகிறது.

நான் அப்போது மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் மேட்ரனாக இருந்தேன். ஆஸ்பத்திரி வேலையில் ஓய்வு பெற்ற கையோடு கிடைத்த உத்தியோகம். இல்லம் என்று பெயரே தவிர அது ஒரு பழைய துரை பங்களா. தோட்டம் கைமாறிக் கைமாறி, கடைசியில் பங்களா மட்டும் ஒரு தர்ம சபையிடம் வந்து சேர்ந்தது. அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் தேயிலையில் உழைத்து ஓய்ந்தவர்கள். துரை படுத்த அறையில் ஐந்து ஆண்கள் படுத்தார்கள். துரைசாணியின் அறையில் ஆறு பெண்கள். துரை கையெழுத்துப் போட்ட அறையில், கணப்புக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்தேன். அது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நான் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் மகள். பங்களாவை வெளியே நின்று பார்த்தே வளர்ந்தவள். உள்ளே உட்கார ஒரு கதிரை கிடைத்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எல்லாம் ஒரு தாழ்ப்பாளில்தான் தொடங்கியது. மழைக்காலத்தில் ஒருநாள், காது கேளாத ஐயா ஒருவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. தட்டினோம், கத்தினோம். பதில் இல்லை. விறகு வெட்டும் கோடரியால் கதவைப் பிளந்துகொண்டு நாலு பேர் உள்ளே போய் விழுந்தோம். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதுகுக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வழுக்கி உட்கார்ந்துவிட்டாராம். எழும்ப முடியவில்லை, சரி, வந்த வேலையையாவது முடிப்போம் என்று உட்கார்ந்தபடியே குளித்திருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பிறந்த மேனியாக இருந்தபடி, கோடரியோடு நின்ற எங்கள் நாலு பேரையும் அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்த மாதமே மருமகனை வரச்சொல்லிக் கிளம்பிப் போய்விட்டார். அவர் போக மிஞ்சியவர்கள்தான் நான் சொன்ன பதினொரு பேர்.

இதிலிருந்து நாங்கள் படித்த பாடம், இல்லத்தில் குளியலறைத் தாழ்ப்பாள்களே இருக்கக் கூடாது என்பது. சபையின் செயலாளர் யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற்ற அதிபர். போனில் என்னைப் பாராட்டினார். "நல்ல முடிவு, மேட்ரன். ஆரும் விழுந்து கிழுந்து போனால் நாங்கள்தான் பதில் சொல்லவேணும்" என்றார். நானே ஸ்க்ரூ ட்ரைவரோடு போய், ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று என்று இரண்டையும் கழற்றினேன். கழற்றியதை என் மேசை லாச்சியில் போட்டு வைத்தேன்.

எங்கள் இல்லத்தில் ஆட்களை ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். றொசல்ல அம்மா என்று ஒருவர் இருந்தார். எழுபத்தாறு வயது. பத்து விரலும் காய்த்துப்போகக் கொழுந்து பறித்தவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். தாழ்ப்பாள் போன நாளிலிருந்து அவர் ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, மற்றக் காலில் நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றுகிறார் என்று எங்கள் உதவியாளர் வந்து சொன்னார். அந்தப் பெண் கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பெண், நாற்பது வயது, என்னைவிட விவரமானவர். யாரும் விழக் கூடாதென்று கழற்றிய தாழ்ப்பாளால் ஒருவர் ஒற்றைக்காலில் நின்று குளிக்கிறார் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் செய்தது, சுவரில் ஒரு கைபிடிக் கம்பி பூட்டச் சொன்னதுதான்.

கம்பி பூட்டிய அந்தச் சனிக்கிழமை, சபைக்கு உதவி செய்கிறவர்கள் மூன்று பேர் கொழும்பிலிருந்து இல்லத்தைப் பார்க்க வந்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், பூந்தோட்டத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கம்பியைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. பெண்கள் பக்கக் குளியலறைக் கதவைத் தள்ளினேன். இறுக்கமாக இருந்தது. மழைக்கு ஊதியிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே றொசல்ல அம்மா, நெஞ்சுக்கு மேல் கட்டிய ஈரப் பாவாடையும் முகம் நிறையச் சவர்க்கார நுரையுமாக, முட்டுக்கொடுத்த கால் வழுக்கி, அந்தப் புதுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"யாரு? யாரு அது?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. கம்பியைக் காட்டத்தான்" என்றேன்.

வந்தவர்களில் ஒருவர், "நல்ல உறுதியா இருக்கே" என்றார். கம்பியைத்தான் சொன்னார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர்களைத் தேத்தண்ணி குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலைச் சாப்பாடு பத்தரை மணி வரைக்கும் நடந்தது. ஒரு ரொட்டிக்கு ஒரு மணி நேரம். பிய்ப்பார்கள், பிய்த்ததைப் பார்ப்பார்கள், சம்பலைத் தொடுவார்கள், தொட்ட விரலைப் பார்ப்பார்கள். ரொட்டி கல்லாக இருக்கிறது போல என்று சமையல்காரரைப் பிடித்து ஏசினேன். அவர் பாவம், மத்தியானத்துக்குக் கஞ்சி காய்ச்சினார். கஞ்சி மூன்றே முக்கால் வரைக்கும் போனது.

செவ்வாய்க்கிழமை நடையும் விழுந்துவிட்டது. ஹோலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இருபது அடி. அதை அரைமணி நேரம் நடந்தார்கள். வழியில் துரை காலத்துக் குதிரைப் படம் ஒன்று மாட்டியிருக்கும். இரண்டு வருஷமாக அதை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள், ஒவ்வொருவராக நின்று, குதிரைக்கு எத்தனை கால் என்று எண்ணாத குறையாகப் பார்த்தார்கள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்கள். ஒரு அம்மாவிடம் "வயிறு எப்படி?" என்று கேட்டுவிட்டு நான் போய் போன் பேசி முடித்து வந்தேன். அப்போதுதான் "ம்... பரவால்லீங்க" என்றார்.

புதன்கிழமை உதவியாளர் என் காதருகே வந்து, "மிஸ், மே அய ஹிதாமதாம கரன்னே" என்றார். இவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயதானவர்களைப் பற்றி அப்படிப் பேசலாமா, வயது போனால் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று அவருக்கு நீளமாக ஒரு வகுப்பு எடுத்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஹட்டனிலிருந்து டொக்டரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன். பதினொரு பேரையும் சோதித்தார். கையை நீட்டச் சொன்னால் அது அவர் பக்கம் வந்து சேருவதற்குள் அவர் அடுத்த ஆளின் நாடியைப் பிடித்துவிட்டு வரலாம். நாக்கைக் காட்டச் சொன்னதற்கு ஒரு ஐயா முதலில் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்தார். "எல்லாருக்கும் ஒரே நேரத்துல வந்திருக்கே. ஏதாவது வைரஸா இருக்குமோ" என்று டொக்டர் தலையைச் சொறிந்தார். விட்டமின் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் குணமாகிவிட்டார்கள். ஏழரைக்கு உட்கார்ந்தவர்கள் எட்டு மணிக்கு இன்னும் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டார்கள். பூந்தோட்டத்தைச் சுற்றி நடந்தார்கள். இரண்டு பேர் கேரம் போட்டில் சண்டைகூடப் பிடித்தார்கள். நான் சந்தோஷத்தில் டொக்டருக்குப் போன் போட்டேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். "நான் சொன்னேன்ல? விட்டமினை நிறுத்திடாதீங்க" என்றார்.

திங்கட்கிழமை மறுபடியும் எல்லோருடைய வேகமும் படுத்துவிட்டது.

அன்று பின்னேரம் நான் ஜன்னலில் நின்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். புல்வெளி நடுவில் கொத்மலைத் தலைவர் நின்றார். எண்பது வயது. ஒரு காலத்தில் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். அந்தத் தோட்டத்தின் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் எல்லாம், நீர்த்தேக்கத்துக்குள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனால் அவர் இன்னும் பதவி விலகவில்லை. கைத்தடியை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி, அந்தக் காலை எங்கே வைப்பதென்று முடிவு செய்யாமல் நின்றார். அப்போது கீழே ஃபெக்டரியில் நாலரைச் சங்கு ஊதியது. தலைவர் காலைக் கீழே வைத்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கினார். விறுவிறுவென்று டீவி பார்க்க நடந்துபோனார்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. நான் சின்னவளாக இருக்கையில், சில நாட்களில் அப்பா இருட்டிய முகத்தோடு வருவார். "இன்னைக்கும் மெதுவேலைதான். ஒத்தை ஒத்தைக் கொழுந்தாக் கிள்ளுறாங்க, துரை குதிக்கிறாரு" என்பார். வேலைக்கு வருவார்கள், விடியற்காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் நிற்பார்கள், மலைக்கு ஏறுவார்கள், ஆனால் வேலை மட்டும் நகராது. சங்கு ஊதினால் பழையபடி ஆட்டமும் ஓட்டமும்தான். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்குப் போராட்டம் கிடையாது. கிளாக்கர் மகளுக்கு இது தெரிய ஒரு கிழமை பிடித்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. நேரே டீவி அறைக்குப் போனேன்.

"தலைவரே, இங்க உங்க யாருக்கும் வேலையே கிடையாதே! என்னத்தை மெதுவாச் செய்றீங்க?"

"இருக்கிறதத்தானேங்க மிஸ் மெதுவாச் செய்யலாம். திங்கிறது, நடக்கிறது, மாத்திர முழுங்குறது. நீங்க குடுத்த வேல அதுதானே" என்றார்.

"குறை இருந்தா முதல்ல சொல்லியிருக்கலாமே?"

"நோட்டீஸ் குடுக்காமச் செய்வோமாங்க? பொட்டியில போட்டோமே."

வராந்தாவில் ஓர் ஆலோசனைப் பெட்டி உண்டு. செயலாளரின் யோசனை. திறப்பு விழாவன்று பூட்டிய பூட்டு, அன்றைக்கே சாவி தொலைந்துவிட்டது. உதவியாளர் கோடரியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே அவர்களுடைய நோட்டீஸ் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே ஏழு கையெழுத்து, நாலு கைநாட்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேச்சுவார்த்தை. நான் அலுவலக அறையில் கதிரைகள் போட்டு வைத்தேன். ஒருவரும் உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தால், படிக்குக் கீழே, சரளைக்கல் முற்றத்தில், தூறலில் தலைக்குக் கம்பளியைப் போட்டுக்கொண்டு பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். பெரட்டுக்கு நிற்பது மாதிரி. நான் மேல்படியில் ஸ்வெட்டரோடு நின்றேன். துரை நின்ற இடம் அதுதான் என்று எனக்குச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை.

"உள்ள வந்து உக்காருங்க. சளி பிடிச்சிடும்" என்றேன்.

"பேச்சு முடியட்டும்ங்க. அப்புறமா உக்காருறோம்" என்றார் தலைவர்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை வாசித்தார். "மேற்படி இல்லத்தின் மேற்படி அறையில் இருந்து கழற்றப்பட்ட மேற்படி பொருள் சம்பந்தமாக..." பெண்கள் முன்னால் குளியலறை என்ற சொல்லை வாயில் எடுக்க அவருக்குக் கூச்சம். மேற்படி மேற்படி என்றே முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது றொசல்ல அம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"தாப்பாங்க மிஸ். பாத்ரூமு தாப்பா" என்றார்.

"அம்மா, உங்க பாதுகாப்புக்குத்தானே..."

"நான் லயத்துல பொறந்தவ. எட்டுக் காம்பராவுக்கும் ரோட்டோரத்துல ஒரே பீலி, தண்ணி அதுலதான் கொட்டும். வயசுக்கு வந்த நாள்லேருந்து பாவாடையக் கட்டிக்கிட்டு ரோட்டப் பாத்து நின்னுதான் குளிச்சிருக்கேன். கங்காணி போவாரு. லொறி போகும். எல்லாம் ஒரு தரம் திரும்பிப் பாத்துட்டுத்தான் போகும். கல்யாணம் கட்டி வேற தோட்டத்துக்குப் போனேன், அங்கயும் பீலிதான். எழுபத்தி நாலு வயசுல இங்க வந்துதாங்க கதவு வச்ச ரூம்ல குளிச்சேன். மொத நாளு தாப்பாளப் போட்டுட்டு நான் குளிக்கவே இல்ல. தண்ணியத் தொறந்து விட்டுட்டுச் சும்மா நின்னேன். யாரும் பாக்கல. ரெண்டு வருஷம் அப்புடி இருந்தேன். அதக் கழட்டிட்டீங்க. கழட்டிட்டு, ஆளக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுனீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தப்புத்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக எனக்குள் இருந்த மேட்ரன் வாயைத் திறந்தாள்.

"நீங்க உள்ள விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா நான்தானே விழப்போறேன்."

"நான்தானே பதில் சொல்லணும்!"

"யாருக்குங்க?"

யாருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு இருந்த ஒரே மகளும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் செயலாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன்.

"தாழ்ப்பாளுக்கோ இந்தப் பாடு?" என்றார் அவர் தூக்கக் கலக்கத்தோடு. "எத்தினை நாளா நடக்குது?"

"ஒரு கிழமைக்கு மேல, சேர்."

"ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

எனக்கே தெரியாது என்று பதினொரு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? லைன் சரியில்லை என்று சொன்னேன். பூட்டின கதவுக்குள் இருக்கிற ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று வெளியே இருப்பவருக்குத் தெரிய ஒரு வழி இருந்தால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார் செயலாளர்.

அந்த ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். கழுத்தில் மணி கட்டலாம் என்றேன். "கோயில் மாடா நானு?" என்றார் றொசல்ல அம்மா. பாட்டுப் பாடச் சொன்னோம், வராது என்றார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வாளியைத் தட்டச் சொன்னார் தலைவர். அஞ்சு நிமிஷத்தை யார் பார்ப்பது என்று கேட்டார் றொசல்ல அம்மா. கடைசியில் அவரே சொன்னார்.

"குளிச்சு முடியிற வரைக்கும் மிஸ்ஸத் திட்டிக்கிட்டே இருக்கேன். அது எனக்குத் தன்னால வரும். திட்டு நின்னா கதவ ஒடைங்க."

பதினொரு பேரும் கை தட்டினார்கள். போனிலும் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. தலைவர் அங்கேயே ஒப்பந்தத்தை எழுதினார். எந்தக் கதவையும் மூன்று தரம் தட்டாமல் தொடக் கூடாது. பார்க்க வருகிற ஆட்களுக்குக் குளியலறை காட்டக் கூடாது. காவலுக்கு நிற்கிறவர் கதவிலிருந்து இரண்டு கைத்தடி தூரம் தள்ளி நிற்க வேண்டும். யாருடைய கைத்தடி என்பதில் இன்னொரு இழுபறி வந்து, ஆக நீளமான தலைவரின் தடி என்று முடிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். லாச்சியிலிருந்து இரண்டு தாழ்ப்பாள்களையும் எடுத்து, நான் கழற்றிய ஆணிகளை நானே திரும்ப முடுக்கினேன். றொசல்ல அம்மா உள்ளே போய் நாலு தரம் பூட்டித் திறந்து பார்த்தார்.

"நான் செய்தது பெரிய தப்பும்மா" என்று கதவோடு சொன்னேன்.

"கேக்குது" என்றார் உள்ளேயிருந்து. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு றொசல்ல அம்மா தலை முழுகுகிற செவ்வாயும் வெள்ளியும் எனக்கு அர்ச்சனை. பருப்பில் உப்பில்லை என்று தொடங்குவார். என் நடை, என் சேலை, என் மூக்குக்கண்ணாடி, நான் சிரிக்கிற சிரிப்பு, என்னை மேட்ரனாக்கிய செயலாளரின் அறிவு என்று ஒன்றையும் விடமாட்டார். நடைவழியில் இரண்டு தடி தூரத்துக்கு அப்பால் கதிரை போட்டு உட்கார்ந்து எல்லோரும் கேட்பார்கள். உதவியாளருக்குச் சில சொற்களுக்கு அர்த்தம் வேண்டும், என்னிடம்தான் வந்து கேட்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டு ஓங்கி வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, திட்டு பாதியில் நின்றது. என் கொண்டையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியவர், கொண்டையோடு நிறுத்திவிட்டார். தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கதிரையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உதவியாளர் ஓடிப்போய்க் கோடரியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஒப்பந்தப்படி நான் உடைக்கலாம். இரண்டு எட்டில் கதவுக்குப் போய்விட்டேன். தட்ட வேண்டும் என்பதுகூட மறந்துபோனது. கோடரியைத் தூக்கும்போது, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்த ஐயா எங்களைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. கை நின்றுவிட்டது. காதைக் கதவில் வைத்தேன்.

"யாரு அது, கதவுல மூச்சு விடுறது?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான்தாம்மா. ஏன் நிறுத்திட்டீங்க? என்ன செய்றீங்க உள்ள?"



"ஒண்ணும் செய்யலங்க மிஸ். தாப்பாளப் போட்டுட்டுச் சும்மா நிக்கிறேன். அதுக்கும் நோட்டீஸ் குடுக்கணுமா?"

கோடரியை உதவியாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். தலைவரிடம் தடியைக் கேட்டு வாங்கினேன். கதவிலிருந்து தரையில் இரண்டு முறை வைத்து அளந்து, அந்த இடத்தில் போய் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வெளியே வரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு ஓர் அடி முன்னால் வைக்கவில்லை.